மேகக்கடலில் ஒரு மரியாதைக்காரர்

"இடப்பக்கம் பாறை இருக்கு, திருப்புங்க" என்று அவள் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. இடப்பக்கம் பாறை இருந்தது நிஜம். அதை ஒரு பெண் குரல் சொன்னதில்தான் கோளாறு.

ஹெட்போனுக்குள் மூன்று ஆண்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"டேய், பொண்ணுடா" என்றான் இடிமுழக்கம்.

"யாரு போனும்மா இது, தம்பியோடதா?" என்றான் கொடுவாள். "அவன்கிட்ட குடுத்துட்டு நீ போய் அடுப்பப் பாரு."

"இருடா, விரட்டாத. முதல்ல ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு, பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான் ஒற்றைப்புலி.

அவர்கள் முடிவு பண்ணுவதற்குள் பாறை வந்துவிட்டது. படகு மோதியதும் மேகத்தூள் பஞ்சாய்ப் பறந்தது.

"பாத்தியா, பொண்ணு ஏறினாலே இப்படித்தான்" என்றான் இடிமுழக்கம். மூவரும் ஓட்டுப் போட்டு அவளைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அந்த ஆன்லைன் விளையாட்டில் கடல் முழுவதும் மேகம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு படகைச் செலுத்தி, எங்கோ மினுங்கும் கலங்கரை விளக்கைப் போய்த் தொட வேண்டும். அங்கே ஒருவரை இறக்கிவிடுவது என்றால் மேகத்துக்குக் கீழே விட்டுவிடுவது. அவள் மெதுவாக, தலையணை உறையிலிருந்து தப்பிய இறகு மாதிரி விழுந்துகொண்டிருந்தாள். தலைகீழாகக் கொக்குகள் போயின. அப்போதுதான் படகின் ஐந்தாவது ஆள் பேசினார்.

"ரொம்ப நல்லா ஆடினீங்க. உங்களுக்கு அடி எதுவும் படலையே?"

அவர் பெயர் இளந்தூறல். விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர்தான். ஆனால் அந்தக் குரலுக்கு வேறு பெயர் பொருந்தாது என்று அவளுக்குத் தோன்றியது. தரை வந்து சேரும்வரை அவளுக்குத் தரை வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு வேலை ரயில் நிலையத்தில். அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்வாள். அந்தக் குரலுக்கு இருந்த மதிப்பை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்" என்று அவள் சொன்னால் பயணிகள் நகர்வார்கள், சுமை தூக்குபவர்கள் நகர்வார்கள், கூரையில் இருக்கும் புறாக்களும் இரண்டடி பின்வாங்கும். காற்று சாதகமாக இருந்த ஒரு நாள், ஊருக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தூக்கத்திலேயே கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்ட குரலைத்தான் அந்த மூவரும் அடுப்பைப் பார்க்க அனுப்பினார்கள்.

"விட்டுத் தொலைடி" என்றாள் அக்கா. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்கிறவள். "வேற விளையாட்டா இல்ல?"

"எல்லாத்துலயும் இதேதான்க்கா. போன விளையாட்டுல ஒருத்தன் என் குரலக் கேட்டதும் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டான். ஆகலைன்னதும் ஏன் ஆகலைன்னு அவனே காரணம் சொன்னான்."

"அப்ப வாயத் திறக்காம ஆடு."

"அந்த இளந்தூறல் மட்டும் வேற மாதிரிக்கா."

அக்கா, கடையில் கடைசி வரி தெரிகிறது என்று சாதிக்கும் ஆட்களைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் படகில் மறுபடி ஏற வேண்டும், அந்த ஒரு மனிதரோடு மனுஷியாக நாலு வார்த்தை பேச வேண்டும். எனவே வேறு பெயரில் போனாள். மனதில் முதலில் வந்த பெயர் 'வழிகாட்டி'. மைக்கை மூடிக்கொண்டு காலியான இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவள் வாய் திறக்காததால், இடிமுழக்கம் படகை நேராகச் சுழலுக்குள் விட்டான். மேகம் கிண்ணத்தில் கலக்கிய பால் மாதிரி சுற்றியது. அன்று காலை முழுக்க வண்டிகள் தாமதம், தொண்டை ஓயாமல் அறிவித்த களைப்பு. கை தன்னால் மைக்கைத் திறந்தது. வாய் தன்னால் வேலையில் இறங்கியது.

"கனிவான கவனத்திற்கு. எதிரே சுழல் உள்ளது. படகை வலப்புறம் திருப்பவும். பாய்மரத்தைக் கீழிறக்கவும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

மூவரும் மறுபேச்சில்லாமல் திருப்பினார்கள். பாய் இறங்கியது. படகு பிழைத்தது.

"யாருடா அது?" என்றான் கொடுவாள்.

"பேரப் பாரு, வழிகாட்டி. ஆள் குறைஞ்சா கம்பெனியே ஒரு மெஷினப் போட்டு விடும்டா, அதுதான் இது" என்றான் இடிமுழக்கம். "பாரு, எவ்வளவு தெளிவா சொல்லுது. பொண்ணுங்கள நம்பினா வேலைக்காகுமா? மெஷின்னா மெஷின்தான்."

"நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன்" என்றார் இளந்தூறல்.

இப்படியாக அவள் மெஷின் ஆனாள்.

அதன் பிறகு அந்தப் படகு தோற்கவே இல்லை. அவள் சொல்வாள், அவர்கள் செய்வார்கள். ஆனால் மெஷினாக இருப்பது லேசான காரியமா? சிரிக்க முடியாது. முறுக்கு மாதிரி சத்தம் வருகிற எதையும் தின்ன முடியாது. ஒரு நாள் தும்மிவிட்டாள்.

"டேய், மெஷின் தும்முதுடா."

"மன்னிக்கவும். தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது" என்றாள் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"எவ்வளவு சுத்தமா செஞ்சிருக்காங்க பாரு" என்று மூவரும் கம்பெனியைப் புகழ்ந்தார்கள்.

இதைவிடச் சிரமம், அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது. நாற்காலிக்கு முன்னால் யாரும் கூச்சப்படுவதில்லை அல்லவா? எதிர்ப் படகில் பெண் குரல் கேட்டால் போதும், மூவரும் சேர்ந்து அந்தப் பெண் விளையாட்டையே மூடிவிட்டுப் போகும்வரை பேசுவார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே மெய்யான மேகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்ப மாட்டும்போது இளந்தூறலின் குரல் மட்டும் கேட்கும்: "அவங்களும் நல்லா ஆடினாங்க."

ஒரு நாள் ஒற்றைப்புலி ரகசியமாக மெஷினிடமே கேட்டான். "வழிகாட்டி, பொண்ணுங்க யாரும் ஏன் என்கூட பேச மாட்டேங்கறாங்க?"

"தாங்கள் எதிர்பார்க்கும் பதில் காலவரையின்றித் தாமதமாக வரும்" என்றாள்.

"அப்ப வரும்" என்று அவன் சந்தோஷப்பட்டான்.

விளையாட்டு மெல்ல நிலையத்துக்குள்ளும் கசியத் தொடங்கியது. மழை தூறிய ஒரு மூடுபனிக் காலையில் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே தண்டவாளமே தெரியவில்லை, எல்லாம் வெண்மையாக மிதந்தது. அவள் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்து, "மூன்றாம் நடைமேடைப் பயணிகள் பாய்மரத்தைக் கீழிறக்கவும்" என்று அறிவித்துவிட்டாள். நிலைய அதிகாரி கூண்டுக்கே வந்தார்.

"என்னம்மா இது, மூணாவதுல அத்தனை பேரும் குடைய மடக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"தெரியாம சொல்லிட்டேன் சார்."

"சொன்னது கூடப் பரவாயில்ல. நானும் மடக்கிட்டேன்."

இந்த நேரத்தில் அவர்கள் படகு இறுதிப் போட்டிக்குத் தேர்வானது. இறுதிப் போட்டியை மட்டும் எல்லோரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும். மெஷின் எப்படி நேரில் போகும்? போகாவிட்டால் படகும் போச்சு, இளந்தூறலும் போச்சு. முன்கூட்டியே உண்மையைச் சொன்னால் மூவரும் ஓட்டுப் போட்டு இறக்கிவிடுவார்கள். ஒருவரிடம் மட்டும் சொல்லலாம் என்று முடிவு செய்தாள்.

மற்றவர்கள் வருவதற்கு முன்னால் படகில் ஏறினாள். மேகக்கடலில் அலையே இல்லை. இளந்தூறல் படகின் முனையில் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் தன் சொந்தக் குரலில். அது அவளுக்கே புதிதாகக் கேட்டது. "நான் மெஷின் இல்லீங்க. பொண்ணு. அன்னைக்கு இறக்கி விட்டாங்களே, அவதான் நான்."

ஒரு மேகம் அவர்களுக்கு நடுவே வந்து, நாகரிகமாக விலகிப் போனது.

"பரவாயில்லைங்க" என்றார் இளந்தூறல். "நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன்."

அன்று மாலை அவள் சோறு வைக்கவில்லை. அக்காவிடம் அந்த வாக்கியத்தைப் பலவிதமாகச் சொல்லிக் காட்டினாள்.

"இதுல என்னடி இருக்கு?"

"என்னை முன்னால போகச் சொன்னாருக்கா. எந்த ஆம்பள சொல்லுவான்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் அக்கா. "விளக்கம் கேக்கல, புத்தி சொல்லல, போட்டோ கேக்கல. ஒரு ஆம்பள ரெண்டு வாக்கியத்தோட நிறுத்திக்கிட்டான்னா உடம்புக்கு ஏதோ இருக்குடி. எதுக்கும் கண்ண செக் பண்ணிக்கச் சொல்லு."

போட்டி நாளில் மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனாள். விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் உள்ளே செயற்கைப் பனிமூட்டம் விட்டிருந்தார்கள். நாற்காலிகளெல்லாம் முழங்கால் அளவு மேகத்தில் மிதந்தன. அந்த மூட்டத்திலிருந்து, கழுத்தில் பெயர் அட்டை மாட்டிய மூன்று பேர் வந்தார்கள். இடிமுழக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனிதன். கொடுவாளின் சட்டையை அவனுடைய அம்மா தேய்த்துக் கொடுத்திருக்க வேண்டும். ஒற்றைப்புலியின் காலைப் புது ஷூ கடித்துக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு டீம் வரணும் மேடம். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க" என்றான் இடிமுழக்கம், மிகப் பணிவாக.

அவள் எழுந்து நின்றாள். "கனிவான கவனத்திற்கு. மூவரும் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்."

கோடு எதுவும் இல்லை. ஆனாலும் மூவரும் பின்னால் போய் நின்றார்கள்.

"மெஷின் குரல்" என்றான் கொடுவாள் கிசுகிசுப்பாக. "இவங்ககிட்டதான் குரல் வாங்கியிருக்காங்க போல."

"யாரும் யாருகிட்டயும் வாங்கல. அன்னைக்கு அடுப்பப் பாக்கச் சொல்லி இறக்கிவிட்டீங்களே, நாந்தான். இத்தனை நாளா உங்களக் கரை சேர்த்ததும் நாந்தான்."

ஒற்றைப்புலியின் முகத்தில் தான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து போனது.

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டோம் மேடம்" என்றான் இடிமுழக்கம்.

"யாருன்னு நினைச்சுப் பேசினீங்க?"

மூவரும் பதிலை அவரவர் ஷூவில் தேடினார்கள். அங்கே பனிமூட்டம்தான் இருந்தது.

அவளுக்கு அவர்களிடம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எல்லோருக்கும் வழிவிட்டுப் பின்னால் வந்த ஒருவரை இவர்தான் என்று நினைத்தாள். அவர் மின்விசிறி பழுது பார்க்க வந்தவர். மேடையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அப்போதுதான் தங்கள் மேசையைக் கவனித்தாள். போட்டிருந்தவை நான்கு நாற்காலிகள்.

கழுத்தில் மாட்டும் அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனிப் பெண்ணிடம் ஓடினாள்.

"ஏம்மா, எங்க டீம்ல ஒரு நாற்காலி குறையுது. இளந்தூறல்னு ஒருத்தர் வரணும். ரொம்ப மரியாதையானவர். அவர் வந்தா எங்க உக்காருவார்?"

அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்:

"ஆள் குறையுற டீமுக்கெல்லாம் நாங்க போட்டு விடுற கம்ப்யூட்டர் மேடம் அது, அவரத் தேடி வந்த லேடீஸ் எல்லாரும் அதோ, அந்த வரிசையில நிக்கிறாங்க."