முதல் கவரைத் துவைத்தவன்

வீட்டிலேயே முதன்முதலாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி வரும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வாய் வராது. எனக்கு அது முற்றியிருந்த நேரத்தில்தான் ஒரு ராணுவ அதிகாரியைக் குளிப்பாட்டினேன். (ஓய்வு பெற்றவர்தான். ஆனால் கஞ்சி போட்ட சட்டை.)

வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனி ராணுவ லாரிகளுக்குக் கேன்வாஸ் கவர் தைக்கிறது. அம்மா தையல் லைனில் இருந்தாள். நான் டிகிரி முடித்து அதே கம்பெனி ஆபீசில் சேர்ந்திருந்தேன். இருபத்தைந்தாம் ஆண்டு விழா வந்தது. "நீதான் நல்லா எழுதுவியே, கம்பெனி வரலாற எழுதி மேடையில படி" என்றார் முதலாளி.

பதினொரு பக்கம் எழுதினேன். முதல் எட்டுப் பக்கம் பருத்தி பிறந்த கதை. (வரலாறு என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.) ஒன்பதாம் பக்கத்தில்தான் கம்பெனியே பிறந்தது. சேரப்பணஞ்சேரியில் ஒரு ஷெட், மூன்று மிஷின், ராணுவத்துக்கு மாதிரி காட்டத் தைத்த முதல் கவர். அதைத் தைத்த மூன்று பேரில் இன்னும் வேலையில் இருந்தது அம்மா மட்டும். அங்கே அவள் பெயரை எழுதினேன்.

விழா முடிந்த அடுத்த மாதம் அம்மா வேலையிலிருந்து நிற்பதாக இருந்தது. அத்தனை வருடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூணாம் மிஷின்" என்பார்கள். ஒரே ஒரு தடவை அந்தப் பெயர் மைக்கில் ஒலிக்கவேண்டும், ஷெட் முழுக்கக் கேட்கவேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

"முன் வரிசையில உக்காரும்மா."

"இன்னாத்துக்குடா?"

"உக்காரேன்."

எங்களிடம் ராணுவ லாரி கிடையாது. லாரி அளவில் ஓர் இரும்புச் சட்டம் உண்டு. தைத்த கவரை அதன்மேல் போர்த்தி, குழாயில் தண்ணீர் அடிப்பார்கள். ஒருவர் உள்ளே நின்று சொட்டு விழுகிறதா என்று பார்ப்பார். விழா அன்று அந்தச் சட்டத்துக்கு முதல் கவரைப் போர்த்துவதாக ஏற்பாடு. பீரோவிலிருந்து அதை எடுத்தபோது ஒரே தூசி, ஒரு மாதிரி மெழுகு நாற்றம் வேறு. சிறப்பு விருந்தினராக வரும் அதிகாரி முன்னால் இப்படியா? விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் யாரும் இல்லாத நேரம், வீட்டுச் சோப்புத் தூள் டப்பாவை முழுதாகக் கவிழ்த்துத் தரையில் விரித்துத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது.

விழாவில் எட்டாம் பக்கம் வரை படித்துவிட்டேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அதிகாரிக்கும் பருத்தி போதும் போலிருக்கிறது. எழுந்துபோய் கவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது இப்பவும் தண்ணி தாங்குமா, தம்பி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லையே!

"தாராளமா சார்! உள்ள வந்து பாருங்க."

அதிகாரி, முதலாளி, கையில் பதினொரு பக்கத்தோடு நான். மூவரும் உள்ளே போனோம். "தண்ணி வுடுண்ணே!" என்று வெளியே குழாய் பிடித்திருந்தவரிடம் கத்தினேன்.

அதைச் சொட்டு என்று சொல்வது அநியாயம். ஐப்பசி மாதம் மொத்தமும் எங்கள் மூவர் தலையிலும் இறங்கியது, அதுவும் நுரையோடு. "டேய், நிறுத்தச் சொல்றா!" என்று முதலாளி அலறினார். வெளியே இருந்தவர்கள் உற்சாகக் குரல் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அம்மாதான் முதலில் ஓடிவந்தாள். துணியை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

"அடப்பாவி! இது மெழுகு ஏத்துன துணிடா. சோப்பு போட்டா மெழுகு நிக்குமா? அதான் வூட்டுல சோப்புத் தூள் டப்பா காலியா கீதா?"

பக்கத்தில் மைக் இருந்ததால் ஷெட் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி கண்ணில் விழுந்த நுரையைத் துடைத்தபடி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

பேப்பரைப் பிரித்தேன். ஒன்பதாம் பக்கம் முழுக்க நீல மையாக வழிந்திருந்தது. பெற்ற தாயின் பெயரைச் சொல்லப் பேப்பர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அது உறைத்து நான் மைக்கை எட்டுவதற்குள் முதலாளி அதைப் பிடித்துவிட்டார். "அடுத்தது சாப்பாடு."

கடைசி மாதம் அம்மாவை யாரும் மூணாம் மிஷின் என்று கூப்பிடவில்லை. "தொவச்சவன் அம்மா" என்றார்கள். அதற்கும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

இன்றும் வீட்டில் நான் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுத்தால் போதும். "அண்ணன் படிக்கப் போவுது, குடத்த நவுத்து" என்கிறாள் தங்கை.

நேற்று இந்தக் கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குடத்தை அவளே தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சோப்புத் தூள் வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம், அன்று படிக்காமல் போன வரியைப் படித்தேன்:

"முதல் கவரைத் தைத்தவர்களில் ஒருவர் கன்னியம்மாள்."

சிரிப்பு நின்றது. வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"அத இன்னொரு தபா படி" என்றாள். "நிறுத்தி, சத்தமா."