உன் அக்காவின் பலம் குறித்து

ஆரணி,
12-11-1984

வெம்பாக்கத்தில் இருக்கும் மைத்துனர் சுப்பராயலுவுக்கு இராஜமாணிக்கம் ஆசீர்வதித்து எழுதுவது.

அநியாயம் நடந்துவிட்டது. உன் அக்கா தெய்வநாயகியைப் பலமில்லாதவள் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு டாக்டரம்மா எழுதிவிட்டார். உன் வீட்டார் சுகமாக இருக்கவேண்டும், நான் சுகம், மற்றதைக் கேள்.

விஷக்காய்ச்சல் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. டாக்டரம்மா அதை வைரஸ் என்கிறார், இருக்கட்டும். ஒரே காய்ச்சல், ஒரே மாத்திரை, ஒரே கஞ்சி. அவளைவிட மூத்தவன் நான், எழுந்து தறியில் உட்கார்ந்துவிட்டேன். அவளோ இன்னும் கட்டிலில் கிடக்கிறாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இருமித் துப்பத் தெம்பில்லை. ஏன் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "வயசு இல்லீங்க பெரியவரே, காய்ச்சலுக்கு முன்னாடி உடம்புல என்ன பலம் இருந்துச்சோ அதான் கணக்கு. இவங்களுக்கு அது இல்ல. தாண்டி வர்றது கஷ்டங்க" என்கிறார். ஐந்தாவதோடு நின்றவன் என்றாலும் பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படிக்கிறவன் நான், சும்மா விடுவேனா? எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றேன். விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"தண்ணி எடுப்பாங்களா?"

"அவ ஏன் குழாயடிக்குப் போகணும்? நான் எடுக்கறேன்."

"கடைத்தெரு?"

"நான் போறேன்."

"தறிக்கு ராட்டையில நூல் தார் சுத்துவாங்களா?"

"எங்க தெருவிலயே அவ சுத்தற தார்தான் ஒசத்தி!"

"இப்ப யாருங்க சுத்தறாங்க?"

"பொங்கல்லருந்து நான்."

"தானா எழுந்து நிப்பாங்களா?"

"நிப்பாளே! நான் கை குடுத்தா ஜல்தியா நிப்பா."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கண்ணகி என்ற பெண், "தாத்தா, நீங்க பேசப்பேச ஆயாகிட்ட மிச்சம் இருக்கற பலமும் போவுது, நிறுத்துங்க" என்று சிரிக்கிறாள்.

ஆகவே நீ உடனே புறப்பட்டு வா. உங்கள் வீட்டில் நெல்மூட்டையைத் தனியாளாய்ப் புரட்டிப் போட்டவள் என்று டாக்டரம்மா முன்னால் சாட்சி சொல். சீட்டில் எழுதியதை அடிக்கச் சொல். மறுத்தால் வண்டி வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடுவோம். அப்படி ஒரு சீட்டைக் கால்மாட்டில் தொங்கவிட்டால் மனுஷி எப்படித் தேறுவாள்?

உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ என் ஆசி.

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடியபடியே கேட்டாள். "இதுல இருக்கறதெல்லாம் உங்க பலங்க. என்னுதுன்னு எழுதிகினு இருக்கீங்க. எனக்கு முடியலன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு நீங்களும் மூடி வெச்சீங்க, நானும் மூடி வெச்சேன். அந்தம்மாவைப் பேஜார் பண்ணாதீங்க" என்றாள். அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது.

ஆகையால் சாட்சி வேண்டாம். வண்டியும் வேண்டாம். சீட்டு தொங்கட்டும். ஆனால் நீ வா. மருந்து டாக்டரம்மா பொறுப்பு. நாட்டுக்கோழி முட்டை உன் சம்சாரம் கொடுத்தனுப்ப வேண்டும். நான் சாப்பிடப் போகும்போது கண்ணகி பார்த்துக்கொள்வாள். உட்கார்ந்தால்தான் சளி இறங்குமாம். யாரும் தூக்காமல் அவளாகவே கொஞ்சம் கொஞ்சமாக எழப் பழகவேண்டுமாம். எழ வேண்டியது உன் அக்கா. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தடுமாறும்போது தொடாமல் நிற்க வேண்டியது நான். அது என்னால் ஆகாது. என் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது நீ.