சம்பந்திக்கு, கீழ்த்தோட்டத்து வால்வு பற்றி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம். இங்கே கிணறு உட்பட அனைவரும் நலம். அங்கே தங்கள் நலமும் தங்கள் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

மகளைப் பத்து நாள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை தாராளமாக அனுப்பி வைக்கிறேன். தக்காளி பறிப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை கிணற்றுத் தண்ணீர் வர வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். அவள் சொல்லிக்கொடுத்த எல்லாம் எனக்கு இப்போது தண்ணீர்பட்ட பாடு.

நீங்கள் பெற்றது பெண்ணையா, ஒரு விவசாய அலுவலகத்தையா என்று எனக்குச் சந்தேகம். கம்பெனிக்காரர்கள் வந்து தோட்டத்து மண்ணில் ஈரம் அளக்கும் ஆறு சென்சார் புதைத்துவிட்டுப் போனார்கள். போனைத் திறந்தால் என் இதயத்துக்கு எடுத்த படம் மாதிரி ஒரே கோடு. தங்கள் மாப்பிள்ளை அதை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான். மருமகள்தான் களைக்கொத்து எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சென்சார் பக்கத்திலும் மண்ணைத் தோண்டிக் கையில் பிடித்துப் பார்த்தாள். உருண்டையாக நின்றால் என்ன எண், உதிர்ந்தால் என்ன எண் என்று குறித்துக்கொண்டாள். மறுநாள் மோட்டார் அறைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது: மேல்தோட்டம் நாற்பது நிமிடம், கீழ்த்தோட்டம் வேண்டாம். அவ்வளவுதான், என் மரமண்டைக்கும் ஏறிவிட்டது.

ஆனால் கீழ்த்தோட்டத்துக்கு ஒரு வாரமாக வேண்டாம், வேண்டாம் என்றே வந்தது. செடியெல்லாம் தொங்கிப்போயிற்று. மெஷின் பொய் சொல்கிறது என்று நான் ஊரைக் கூட்டினேன். அவள் போனைப் பார்த்தபடியே கேட்டாள்: "மாமா, தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த ஒரு இடத்துல மட்டும் ஈரம் ஏறுது. நீங்க கால் கழுவுறது எங்க?"

அந்தச் சென்சார் பக்கத்துக் குழாயடியைக் கைகாட்டினேன். என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அன்றே சென்சாரைச் செடி வரிசைக்கு நடுவே மாற்றினாள், செடியும் பிழைத்தது. போன வருடம் இந்நேரம் கிணற்றில் தரை தெரிந்தது, இந்த வருடம் ஒன்பது படி தண்ணீருக்குள் இருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை சம்பந்தி. "மத்தியானம் இலை வாடுறது வெயிலுக்கு மாமா. காலைலயும் வாடியிருந்தாத்தான் தண்ணி கேக்குதுன்னு அர்த்தம்" என்றும் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து வால்வை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே நிம்மதியாக அவளை அழைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் புறப்பட்டேன். உச்சி வெயிலில் கீழ்த்தோட்டத்துச் செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தன. மனசு கேட்கவில்லை, கொஞ்ச நேரம்தான் திறந்துவிட்டேன். தெருமுனை தாண்டுவதற்குள் போனில் மருமகளின் செய்தி வந்துவிட்டது: "மாமா, வால்வை மூடிட்டு, நான் பறிப்பு முடிஞ்சுதான் வருவேன்னு அப்பாவுக்கு எழுதிடுங்க." ஆகவே திங்கட்கிழமை என்று எழுதியதை அடித்துவிடவும். பார்க்க வேண்டும்போல் இருந்தால் நீங்களே கிளம்பி வாருங்கள். கால் கழுவ இப்போது வேறு இடம் வைத்திருக்கிறோம்.