நாத்தனார் கொடுத்த கார்

“முள்ளு எங்க நிக்குதுன்னு பார்த்தியா?” என்று கேட்டார் கணவர்.

அவள் பார்த்தாள். சிக்னலும் சிவப்பு, காரின் சூடு காட்டும் முள்ளும் சிவப்பு. பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பி முன்கண்ணாடி மேல் ஏறிக்கொண்டிருந்தது.

“ஆவி வருதுங்க.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

டைல்ஸ் கடை வாசலில் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினாள். சொந்தக் கார் என்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். இது நாத்தனாரின் கார்.

கணவரின் தங்கைக்கும் அவளுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. புது வீட்டைப் பார்க்கப் போனபோது, “திரைச்சீலை கலர் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு” என்று இவள் யதார்த்தமாகச் சொல்லிவிட்டாள். அன்றோடு சரி. போன வாரம்தான் நாத்தனார் தானாகவே போன் செய்தாள். இவள் வேலை பார்க்கும் நூலகத்துப் புத்தகக் கட்டுகளைப் பைண்டிங் கடையிலிருந்து எடுத்துவர வண்டி இல்லை என்று தெரிந்ததும், “என் காரை எடுத்துட்டுப் போங்க அண்ணி” என்றாள். இவளும் இன்று ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போது மணி இரண்டு.

கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கட்டுகளைத் தூக்க வந்தவர். ஆனால் கையில் செல்போன் இருந்தது. அதில் யாரோ ஒருவர் கார் என்ஜின் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பார்க்கணுமாம்.”

“ஆறட்டுங்க.”

“ஆறுற வரைக்கும் சும்மா நிக்கச் சொல்றியா?” கைக்குட்டையைச் சுற்றி மூடியைத் திருகினார்.

வெந்நீர் ஓர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. அவர் தவளை மாதிரிப் பின்னால் தாவியதால் முகம் தப்பியது, சட்டை தப்பவில்லை. மூடி எகிறி, நடைபாதையில் உருண்டு, சாக்கடையில் விழுந்தது.

செல்போன்காரர் அப்போதுதான் சொன்னார்: சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

டைல்ஸ் கடையில் கெஞ்சி ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் பையை வைத்துச் சணலால் கட்டினார் கணவர். “மூடியை விட இதுதான் இறுக்கமா இருக்கு,” என்றார்.

இரண்டு தெரு தாண்டுவதற்குள் பை உருகி, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. முள் மறுபடி சிவப்புக்குப் போயிற்று.

அப்போது போன். நாத்தனார்.

“அண்ணி, வண்டி நல்லா ஓடுதா?”

“ஓ, ஜம்முனு ஓடுது.”

“எங்க இருக்கீங்க?”

“லைப்ரரியிலதான்.” பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“அவசரமே இல்ல அண்ணி. நாளைக்குக் கொண்டு வந்தாக்கூடப் போதும்.”

போனை வைத்தவள் முகம் வெளுத்திருந்தது. “அவளுக்கு ஏதோ தெரிஞ்சிடுச்சுங்க. குத்திக் காட்டுறா.”

“அதுக்குள்ள எப்படித் தெரியும்? முதல்ல என்ஜினுக்கு அடி பட்டிருக்கான்னு பார்ப்போம். ஆயில் பால் காபி கலர்ல இருந்தா கதை முடிஞ்சுதாம். தண்ணியும் ஆயிலும் கலந்துட்டதா அர்த்தமாம்.”

ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, இருவரும் வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.

“எந்தக் காபிங்க இது?”

“ஒரு பக்கம் பார்த்தா பால் காபி. திருப்பிப் பார்த்தா கடுங்காபி.”

“அளவு கம்மியா இருக்கோ?”

இந்தச் சந்தேகம் வந்ததும் அவர் எதிர்க் கடைக்கு ஓடி ஒரு டப்பா ஆயில் வாங்கி வந்தார். எவ்வளவு ஊற்றுவது என்று தெரியாததால் முழுவதையும் ஊற்றினார். வண்டியைக் கிளப்பியதும் பின்குழாயிலிருந்து நீலப் புகை தெருவையே மூடியது. பின்னால் வந்த சைக்கிள்காரர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

“புகை வந்தா என்னவாம்?” என்று கேட்டாள்.

அவர் செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். “வேண்டாம். கேட்காதே.”

மெக்கானிக் ஷெட்டுக்குள் காரைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, உருகிய பையைப் பார்த்தார். கணவரின் சட்டையைப் பார்த்தார்.

“ஒரு மணி நேரம் ஆறணும். அப்புறம்தான் தொடுவேன்.”

அந்த ஒரு மணி நேரம் அவளால் உட்கார முடியவில்லை. ஸ்டூலில் உட்காருவாள், எழுந்து வாசல்வரை போவாள், திரும்பி வந்து பானெட்டைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைப் போல.

கடைசியில் மெக்கானிக் கம்பியை உருவினார்.

“யாரு இவ்வளவு ஆயில் ஊத்தினது? புகை இதனாலதான்.”

கணவர் ஷெட்டின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“ஆயில்ல தண்ணி கலக்கல. நல்ல சேதி. ஆனா என்ஜினோட மேல்மூடி, ஹெட்டுன்னு சொல்வோம், அது சூட்டுல வளைஞ்சிருக்கான்னு பார்க்கணும். நாலு சிலிண்டர்லயும் அழுத்தம் ஒரே மாதிரி இருந்தா பிழைச்சீங்க.”

பிளக்குகளைக் கழற்றி, அழுத்தமானியைத் திருகினார். முதல் சிலிண்டர் சரி. இரண்டாவது சரி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவதில் முள் பாதியிலேயே நின்றுவிட்டது.

“போச்சா?” என்றாள். அவள் மனசுக்குள் பேச்சில்லாத இன்னும் இரண்டு வருடம் ஓடியது.

“இருங்கம்மா. நான்தான் சரியா இறுக்கல.” இறுக்கினார். முள் ஏறியது. நான்காவதும் சரி.

“என்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் செத்துப்போச்சு. ஓடுற வண்டிக்குக் காத்து வரும். சிக்னல்ல நின்னா கொதிக்கத்தான் செய்யும். புது மோட்டார், புது மூடி போட்டுடறேன்.”

கட்டுகளை நூலகத்தில் இறக்கிவிட்டு, நாத்தனார் வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது மணி ஐந்தரை. வண்டியைக் கழுவி, சீட்டைத் துடைத்து, தரைவிரிப்பைக்கூட உதறியிருந்தார்கள்.

“வாயைத் திறக்காதே,” என்றார் கணவர். “புது மோட்டார்னு சொன்னா பழசு என்னாச்சுன்னு கேட்பா.”

“இல்லைங்க, சொல்லிடறேன். அவளே இறங்கி வந்து கொடுத்த வண்டி. இதுல பொய் சொன்னா என்னால அவ முகத்தைப் பார்க்க முடியாது.” வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பை இன்னொரு முறை முணுமுணுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

வாசலில் நாத்தனாரின் கணவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கார் வந்து நின்றதும் பானெட்டுக்குள் ஃபேன் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. அவள் கதவைத் திறந்து, “நான் ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினாள். அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார், முகம் மலர்ந்தது.

“அட, ஃபேன் சுத்துதே மச்சான். ஒரு மாசமா உங்க தங்கச்சிகிட்ட, மெக்கானிக்கிட்ட விடு, விடுன்னு நான் கத்திட்டிருக்கேன். ‘அண்ணிகிட்ட ஒரு நாள் கொடுத்துப் பாருங்க, சரி பண்ணாமத் திருப்பித் தரமாட்டாங்க’ன்னு அவ சொன்னது சரியாத்தான் போச்சு.”