மூன்று மீட்டரில் வாளி

மேசை மேலிருந்த ஸ்பிரிங் குழாயிலிருந்து சீறிக் கிளம்பிய ரப்பர் பந்து, வாளியைத் தாண்டிப் போய் விழுந்தது.

தேர்வு அதிகாரி பேனாவைத் திறந்தார். இயற்பியல் வாத்தியார் குழாயை எட்டிப் பார்த்தார். ஐந்து வருடமாகத் தற்காலிக வேலை. இன்று கணக்குப்படி பந்து வாளியில் விழுந்தால்தான் நிரந்தரம். எதையும் இரண்டு தசமம் வரை சொல்வதால், மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் தசமம்.

"மேசை உயரத்தைச் சேக்க மறந்துட்டேன் சார். ஒரு நிமிஷம்!" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

அதிகாரி குனிந்து ஏதோ எழுதினார். ஆய்வக உதவியாளர் பந்தைப் பொறுக்க ஓடினார். நல்ல மனுஷர், வாத்தியார் மேல் உயிரையே வைத்திருப்பவர்.

மேசையின் உயரம் கணக்கில் ஏறியது. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினார். பந்து இந்தத் தடவை வாளிக்கு முன்னாலேயே விழுந்தது.

"ஐயோ பாவமே!" என்றார் உதவியாளர், பந்தைத் தேடி ஓடியபடி.

"காத்து தடுக்குது சார். அதையும் சேத்துடறேன்." பலகையில் இடம் போதாமல் சுவரிலும் எழுதினார் தசமம். அதிகாரி குனிந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். தசமம் ஸ்பிரிங்கை இறுக்கினார். பந்து வாளிக்கு மேலே ஜம்மென்று பறந்து போனது.

"இப்ப காத்து தடுக்கலையா?" என்றார் அதிகாரி.

தசமம் சாக்பீஸைக் கீழே போட்டார். கருவியாவது கத்தரிக்காயாவது என்று பந்தைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார்.

பந்து குறி பிசகாமல் அதிகாரியின் டீக் கோப்பையில் விழுந்தது.

அதிகாரி சட்டையைத் துடைத்துக்கொண்டார். "உங்க கணக்கு உங்களுக்கே சரியா வரலையே. பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பீங்க?" தாளில் 'பரிந்துரை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

தசமம் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலையே! காலையில டேப் பிடிச்சு, சரியா மூணு மீட்டர்ல வாளியை வெச்சேனே!"

உதவியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் மனசே ஆறல சார். நீங்க பலகைப் பக்கம் திரும்பறப்பல்லாம், போன தடவை பந்து விழுந்த இடத்துக்கே வாளியை நகத்தி நகத்தி வெச்சேன். அப்படியும் விழலையே!"