நடக்காத சண்டைகளின் நாக்கவுட் அண்ணாச்சி

நடக்கவே முடியாத சண்டைகளுக்காக நகம் கடித்துத் தீர்த்த ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் நாக்கவுட் அண்ணாச்சிதான். பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்தின் பதிவறை எழுத்தர். பழைய கோப்புகளைத் தேடித் தருவது உத்தியோகம். செத்துப்போன ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரரை இன்றைய சாம்பியனோடு மோதவிட்டு, யார் ஜெயிப்பார் என்று கணிப்பதுதான் வாழ்க்கை.

"பழைய ஆளு வெயில்ல நின்னு பதினஞ்சு ரவுண்டு அடிச்சவன்வே. இப்ப உள்ளவன் ஆறரை அடி ஒசரம். ஆனா மூணாவது ரவுண்டுலயே மூச்சு வாங்குதான், பாத்தீரா? நாலாவதுல நாக்கவுட்டு!" செல்போனில் கறுப்பு வெள்ளை வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்.

கை நீளம் முக்கியம் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் டேப் வைத்து அளந்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரியையும் விடவில்லை. சட்டைக்கு அளவெடுக்கிறார் என்று நினைத்த அதிகாரி, கைகளை விரித்து நின்று, "கொஞ்சம் லூசாவே இருக்கட்டும்" என்றார்.

தீர்ப்பு சொன்ன மறுநாள் அண்ணாச்சி தூங்காத முகத்தோடு வருவார்.

"தப்பாச் சொல்லிட்டனோன்னு பதறுது. அவன் காலத்துல கையுறை சின்னதுல்லா? செத்துப்போன மனுசன், எந்திரிச்சு வந்து நியாயம் கேக்க முடியுமா?"

தீர்ப்பை மாற்றுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் மாற்றுவார். இத்தனைக்கும் தெருநாய் குரைத்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற வீரர்.

மூன்று வருடத்துக்கு முன் என் மகளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஒன்பது வயசு. சீவலப்பேரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் மட்டும். ஒரு மணி நேரம் என்றார்கள். அதையும் தாண்டிவிட்டது. ஒரு நர்ஸ் வெளியே ஓடினார். கையில் எதையோ எடுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே ஓடினார்.

அப்போது அண்ணாச்சி வந்தார். எதையும் விசாரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு சண்டை சொல்லுதேன், கேளும்" என்றார்.

எரிச்சல் வந்தது. "இப்பமா அண்ணாச்சி?"

"கேளும்வே. இதுல யாரு ஜெயிப்பான்னு எனக்கே தெரியல."

சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு குத்தும், ஒவ்வொரு மூச்சும். நான் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டேன். இந்தக் காலத்துச் சண்டைக்கு உள்ள பன்னிரண்டு ரவுண்டும் ஆனது. கதவு திறக்கவில்லை. "அந்தக் காலத்துல பதினஞ்சுல்லா" என்று நீட்டினார். அதுவும் முடிந்தது. ஒருவரும் கீழே விழவில்லை.

"பதினாறு" என்றார்.

"அப்படி ஒரு ரவுண்டு கிடையாதே அண்ணாச்சி?"

"இன்னைக்கு உண்டும்வே."

பத்தொன்பதாவது ரவுண்டில் டாக்டர் வெளியே வந்தார். "சீழெல்லாம் எடுத்தாச்சு. பிள்ளைக்கு இனி பயமில்ல."

நான் அழுதேன். அழுது முடித்துப் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். அண்ணாச்சியால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பாதி டீ சட்டையில் சிந்திவிட்டது. நான் வாங்கி அவர் வாயருகே பிடித்தேன்.

"பைய, வே. சுடுது."

ஊதி ஊதிக் குடித்தார்.

நான் ஒற்றைப் பிள்ளை. கூடப்பிறந்தவர் யாரும் எனக்கில்லை என்றுதான் அன்றைக்குவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.