மண்ணின் மைந்தர் பட்டியல்

ஊர் வரலாற்றுக்காரர் என்றொரு இனம் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, ஒருவர் நிச்சயம். எங்கள் ஹாலெக் கவுண்டிக்கு டெல்மர் ஸ்வோபோடா. பெட்ரோல் போட வந்த வெளியூர்க்காரர் தெரியாத்தனமாக வழி கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆறு எந்த வெள்ளத்தில் தடம் மாறியது, ரயில் பாதை ஏன் பக்கத்துக் கவுண்டிக்குப் போனது, அதில் காசு பார்த்தவர் யார், அவருடைய பேரன் இப்போது எந்தச் சோளக்காட்டை உழுகிறான் என்று டெல்மர் சொல்லி முடிப்பதற்குள் வந்தவருக்குப் போகவேண்டிய ஊரே மறந்திருக்கும். வழியை மட்டும் சொல்ல மாட்டார்.

இவர் கணக்கில் மனிதர்கள் இரண்டு வகை: இங்கே பிறந்தவர்கள், புதிதாக வந்தவர்கள். நான் வந்து இருபத்தாறு வருஷமாகிறது, இன்னும் புதிதுதான். கல்லறையில் கிடப்பவர்கூட அவருக்கு நம்மாள். மூச்சு விடுகிற நான் இல்லை.

போன வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இரண்டாயிரம் பேர் இல்லாத கவுண்டிக்கு ஆஸ்பத்திரி கிடையாது; பெயர்ப் பட்டியல் கொடுங்கள். நாங்கள் இரண்டாயிரத்து நாற்பது பேர் இருக்கிறோம், பயமென்ன? எல்லாரையும் தெரிந்தவர் என்று டெல்மரிடமே வேலையை ஒப்படைத்தோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

கெடு முடிகிற நாளில், கூட்டத்தில் நாற்பது நிமிஷம் கொள்ளுத்தாத்தா காலத்துப் பனிப்புயலைப் பேசிவிட்டு, அதிகாரியிடம் பட்டியலை நீட்டினார். ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ஆஸ்பத்திரி நர்ஸ் லோரீன் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"டெல்மர், என் பேரைக் காணோமே?"

"நீங்க பக்கத்து மாநிலம், அயோவாக்காரங்கதானேம்மா."

"இங்க வந்து முப்பத்தோரு வருஷமாச்சு. உங்க பேத்தி பொறந்தப்போ முதல்ல கையில வாங்கினதே நான்தான்."

"அவ பேரு இருக்கே, நல்லாப் பாருங்க."

அதிகாரி பட்டியலைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆகஸ்டில் ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள்.

அக்டோபரில் அதே பேத்திக்கு இடுப்பு வலி கண்டது. லோரீன்தான் காரில் ஏற்றி எழுபது மைல் ஓட்டினார். தாயும் சேயும் நலம். ஆனால் பிள்ளை பிறந்தது பக்கத்துக் கவுண்டியில். டெல்மரின் கொள்ளுப்பேரன் இப்போது புதிதாக வந்தவன்.

சிரித்தது போதும். உங்கள் எதிர்வீட்டில் ஒன்பது வருஷமாக ஒரு குடும்பம் இருக்கிறதே, அவர்களை உங்கள் வீட்டில் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறீர்கள்?